மூன்று குற்றமில்லை, மறைத்ததே குற்றம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் உழவர் சங்கத் தலைவர் அவர்களே! மண்ணோடு மல்லுக்கட்டி மூப்படைந்த பெரியவர்களே! காலையில் களையெடுத்த கை காயுமுன் இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே! என் பக்கத்து நாற்காலியில் சிறப்பு விருந்தினராக வீற்றிருக்கும் நாற்றுப்பண்ணை உரிமையாளர் அவர்களே! ஓய்வுபெற்ற இந்த வாத்தியாரின் வணக்கம்.

சென்ற மாதம் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "செடி கொழுகொழுன்னு இருக்கே வாத்தியாரே, அப்புறம் எதுக்குச் சண்டை?" கேட்டவர் இதோ, என் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். அதற்குப் பதிலை இன்று சொல்கிறேன். ஐயா, தண்ணீர் வேண்டுமானால் குடித்துக்கொள்ளுங்கள்.

யாருடைய செடி அது? மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாரே, நாமெல்லாம் 'தையல்காரம்மா' என்று கூப்பிடும் சகோதரி, அவருடையது. தனக்கும் தன் நாத்தனாருக்கும் சேர்த்துத் தர்பூசணி நாற்று வாங்க இந்த ஐயாவின் பண்ணைக்குப் போனார். நாற்று நிற்கும் குழித்தட்டுகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். தடித்த இலை, கரும்பச்சை நிறம், திடமான தண்டு என்று தேடித் தேடி எடுத்தார். நீங்கள் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நோஞ்சானையா பொறுக்கியிருப்பீர்கள்?

கொடி படர்ந்தது. தரை தெரியாமல் படர்ந்தது. பூத்தது, பூத்துக் குலுங்கியது. பிஞ்சு வந்தது, வெளிறியது, உதிர்ந்தது. இவர் வயலிலும் உதிர்ந்தது, பக்கத்தில் நாத்தனார் வயலிலும் உதிர்ந்தது. இரண்டு வயலிலும் அறுத்துப் பார்க்க ஒரு காய் தேறவில்லை!

பண்ணைக்குப் போய்க் கேட்டார். "நீங்கதானேம்மா பொறுக்கி எடுத்தீங்க? தண்ணியை அளவில்லாம விட்டிருப்பீங்க" என்றார்கள். நாத்தனாரோ வாசலை மறித்து நின்று, "எல்லாம் உங்க கைராசி அண்ணி. இனிமே இந்தப் படி ஏறாதீங்க" என்று சொல்லிவிட்டார். இந்த அம்மா என்னிடம் வந்து இழப்பீடா கேட்டார்? இல்லை. "சார், தப்பு என் கையிலயா, செடியிலயா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆகவே இரண்டு வயலிலிருந்தும் இலை கிள்ளினேன், இளவேரும் எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, வேறொரு தோட்டத்துச் சாதாரணத் தர்பூசணிக் கொடியின் இலையும் கிள்ளினேன். வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவியிடம் கொடுத்தேன்.

யாரது பின்னால், "பாடம் ஆரம்பிச்சுட்டாருடா" என்பது? ஆமாம் தம்பி, தப்பிக்க முடியாது. உட்கார்!

நகக்கண் அளவு இலை போதும். அதைப் பிளேடால் பொடிப்பொடியாய் நறுக்கி, திரவத்தில் வடிகட்டி, ஒரு சாயம் சேர்க்கிறார்கள். அந்தச் சாயம் மரபுப்பொருளை மட்டும் பற்றிக்கொண்டு ஒளிரும். எவ்வளவு ஒளிர்கிறது என்று கருவி அளந்து சொல்லும். ஒரு காலைப்பொழுது வேலை. மதியம் மாணவி போனில் கூப்பிட்டாள். "சார், சாதாரணக் கொடியைவிட ஒன்றரை மடங்கு ஒளி சார்! ஒரு இலைகூட விதிவிலக்கில்லை. வேர்நுனியை நுண்ணோக்கியில வச்சும் எண்ணிட்டேன். இருபத்திரண்டு குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்துல முப்பத்து மூணு!"

ஒன்றரை மடங்கு என்றால் என்ன? இரண்டிரண்டாய் இருக்க வேண்டிய குரோமோசோம் மும்மூன்றாய் இருக்கிறது. ஜோடி ஜோடியாய் வரிசையில் நிற்கும் பிள்ளைகளை இரண்டு அறைக்குப் பிரித்து அனுப்பலாம். ஆளுக்கொரு பக்கம் போவார்கள். மூன்று மூன்றாய்க் கைகோத்து நின்றால்? மூன்றாவது பிள்ளை எந்த அறைக்குப் போவான்? குழப்பம்தான். அந்தக் குழப்பத்தில் உருவாகும் மகரந்தம் மலடு. பக்கத்தில் சாதாரணக் கொடி இருந்து, தேனீ அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்தால்தான் பிஞ்சு நிற்கும். நின்றால் விதையில்லாத அருமையான பழம்!

ஆகவே, மூன்று குற்றமில்லை. மறைத்ததே குற்றம்!

தெரியாமல் நடந்ததா? பண்ணை உரிமையாளரான இவருடைய சொந்தத் தோட்டத்தைச் சாலையில் நின்று பார்த்தேன். இதே தடித்த கொடி, ஆனால் மூன்று வரிசைக்கு ஒரு வரிசை சாதாரணக் கொடி! தனக்கு நடும்போது தெரிந்தது, தாய்மாருக்கு விற்கும்போது தெரியவில்லையா? நேரிலேயே கேட்டேன். "எங்க தோட்டத்துக்குப் போக மிச்சம் இருந்த தட்டு சார், சொல்ல மறந்துட்டோம்" என்றார். மறதியாம்! விற்க மறக்கவில்லை. பழிபோட மறக்கவில்லை. தண்ணீர்மேல் பழி, கைமேல் பழி, கேட்க வந்த பெண்மேல் பழி! உண்மை ஒன்றுதான் மறந்துபோயிற்றா?

கை தட்டாதீர்கள். தட்டினால் என் கோபம் ஆறிவிடும். அது ஆற வேண்டாம்.

உரிமையாளர் அவர்களே, அடுத்து மைக் உங்கள் கைக்கு வரும். நீங்கள் பேச வந்த வளர்ச்சி பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த அம்மாவைப் பார்த்து, "தப்பு உங்க கையில இல்லம்மா" என்று சொல்லுங்கள். அதன்பிறகு வேறு பேச்சு.

கதவோரம் நிற்கும் நாத்தனார் அம்மா, உங்களையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் அண்ணிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. முதலில் போய் உட்காருங்கள் தாயே.

வீட்டுப்பாடம் கேட்பதுபோல் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கெல்லாம் நன்றி, வணக்கம். போகுமுன் ஒன்றே ஒன்று. அடுத்த முறை நாற்று வாங்கினால், தட்டை வண்டியில் ஏற்றுமுன் இலை நுனியைக் கிள்ளிச் சோதனைக்குக் கொடுங்கள்.