உள்ளேயிருந்து விழுந்த ஓட்டை

டங்... டங்... டொக். கேட்டீயளா அண்ணாச்சி? அந்த டொக்குதான். மேலுக்கு நல்லாத்தான் தெரியும், உள்ள அரிச்சிருக்கும். இருங்க, இந்தச் சட்டிய ஓரமா வச்சிருதேன். கடக்கரையில இருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் இந்தப் படகுத் தகட்டத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுலயா வந்தீய?

படகு பாறையில அடிச்சதுன்னா ஊர்ல சொல்லுதாவ? குடிச்சிட்டு ஓட்டினான்னுமா? உங்க தம்பி டைட்டஸ் கடலுக்குப் போற அன்னைக்கு கலர் சோடாகூட குடிக்க மாட்டானே! அந்தப் படகுக்கு வெல்டிங் வச்சது நான்லா. ஆறு மாசம் உங்க வீட்டுச் சோறு தின்னுருக்கேன்.

இங்கன விரல வையுங்க. பாறையில அடிச்சா தகடு உள்ளாக்க மடங்கும். இது மடங்கல. வெளிப்பக்கம் வழவழன்னு இருக்கு. உள்பக்கந்தான் அம்மத் தழும்பு மாதிரி குழி குழியா கெடக்கு. இந்த வெள்ளப் பொடி உப்பில்ல. அலுமினியந்தான், செத்துப் பொடியாயிட்டு.

இல்ல, வெல்டிங் விடல. விட்டிருந்தா நிம்மதியா ஒத்துக்கிடுவேன்.

கடத்தண்ணிக்குத் தாங்குத கலவைதான் அது, இருவது வருசம் ஓடும். ஆனா உப்புத்தண்ணியில செம்பு வந்து ஒட்டிக்கிட்டா போச்சு. செம்பு அப்படியே இருக்கும், அலுமினியம் கரைஞ்சிரும். அடியில துத்தநாகக் கட்டி வச்சோமே, படகுக்குப் பதிலா கரையதுக்கு? அது வெளிய. உள்ள தேங்குத தண்ணிக்கு அது காவல் இல்ல. எல்லாம் டைட்டஸ் கடல்ல முங்கிச் செத்த பொறவு புத்தகம் வாங்கிப் படிச்சது.

படகுல செம்பு ஏதுன்னா கேக்கீய?

கடல்ல எறக்குத அன்னைக்கு உங்க சாமியார் வந்து மந்திரிச்சாருல்லா. எனக்கு மனசு கேக்கல. இங்கன பம்புசெட்டு, டிராக்டர் எல்லாத்துக்கும் எங்க இசக்கியம்மன் கோயில்ல பூச வச்ச செப்புத் தகடு வைப்போம். ஆத்துத் தண்ணியில அது ஒண்ணும் செய்யாது. டைட்டஸ்கிட்ட சொன்னா சிரிப்பான். ஏலே பாண்டி, கடலுக்கு எங்க மாதா போதும்லேம்பான். அதான், அவன் காணாம அடிப்பலகைக்குக் கீழ புடிச்சு நிக்கதுக்கு நாலு காது வெல்டிங் வச்சு, அந்தச் செப்புத் தகட்டச் சொருகி விட்டேன். அவன் நல்லபடியா கர திரும்பணும்னு.

ஓட்டையச் சுத்தி நாலு மூலையிலயும் துருத்திக்கிட்டு நிக்கே, அதுதான் அந்தக் காது.

ஊர்ல போய்ச் சொல்லுங்க, டைட்டஸ் பாறையில அடிக்கலன்னு. யாரு வச்சதுன்னு கேட்டா எம் பேரையும் சொல்லுங்க.

...சரி அண்ணாச்சி. போறதுன்னா போங்க. பைய, வாசப்படி தாழ்வா இருக்கும்.

அந்தச் சட்டிய மட்டும் இங்கன தள்ளி விடுங்க. நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு வேணும்னாவ. டங்... டங்...