சொருகாத பென்டிரைவ்

பெருநாளன்று பிற்பகல் மூன்று மணி. பேய் நடுநிசிக்குத்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? சிங்கப்பூர் பூன் லே தொழிற்பேட்டைச் சாலை... லாரி இல்லை, ஆள் இல்லை. அதில் ஸைஃப் தனியாக நடந்து போனார். சிரிக்காதே வெங்கட், இது நம் சுஹைபின் மச்சானுக்கு நடந்தது.

அவர் மனைவி ஃபஸீலா, சுஹைபின் அக்கா, இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவள் குரல் ஒரே ஒரு பென்டிரைவில்தான் இருந்தது. பெருநாளில் வீட்டில் இருக்க முடியாமல் வேலைக்குப் போன மனுஷன், அதைக் கணினியில் சொருகி, இயர்போனில் கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

வேலை என்னவென்றால், கம்பெனிகள் தரும் பழைய பென்டிரைவ்களை அழித்துத் துடைப்பது. லினக்ஸ் கணினி. முதலில் சொருகியதை எஸ்டிபி என்ற பெயரில் காட்டும், அடுத்ததை எஸ்டிசி. நாளைக்கே வரிசை மாறினால் பெயரும் மாறும். அதனால் பட்டியலைக் கேட்டு, எது எந்த அளவு என்று பார்த்துத்தான் அழிக்க வேண்டும். அன்று அவள் பென்டிரைவுக்குப் பக்கத்தில் அழிக்க வேண்டியதை இரண்டாவதாகச் சொருகினார். தினமும் ஒன்றை மட்டுமே சொருகிப் பழகிய கை... மேல் அம்புக்குறியைத் தட்டியது. நேற்றைய கட்டளை வந்தது. எஸ்டிபியை அழி.

என்டர்.

காதில் ஃபஸீலா பாதிப் பேச்சில் நின்றாள்.

பதறிப்போய்ப் பிடுங்கினார். மறுபடி சொருகினார். ஒன்றுமே இல்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம், பாவம். அப்போதுதான் அந்த வாசனை... கற்பூரம். இறந்தவர் உடலுக்கு, மய்யித்துக்கு, போடுகிற கற்பூரம்.

இரண்டு பென்டிரைவையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பட்டியலைக் கேட்டார். எஸ்டிபி இருந்தது. சொருகிய இடம் காலி, ஆனால் எஸ்டிபி இருந்தது. உள்ளே ஒரே ஒரு கோப்பு, நேரம் மூன்று நாற்பது, சற்று முன் அவர் அழுத நேரம். திறந்தார். முதலில் அவருடைய அழுகையே கேட்டது, வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்ததுபோல. பிறகு அவள் குரல்.

"ஸைஃப்..."

இரண்டு நாள் அவர் வீட்டுக்கு வரவில்லை. சுஹைப் வேலையிடத்துக்கே தேடிப் போனான். உதடு வெடித்து, அதே சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சுஹைபும் ஒரு பக்க இயர்போனை வாங்கிக் கேட்டான். அக்கா குரலேதான்.

"மச்சான், அக்கா ஒருநாளும் உங்க பேரச் சொன்னதில்லையே. என்னங்கன்னுதானே கூப்பிடுவா. எந்திரிங்க, வீட்டுக்குப் போயிரலாம்."

"இப்போ சொல்றா லா," என்றார் ஸைஃப். "விடு."

சுஹைப் கோபத்தில் கணினியின் மின்கம்பியையே பிடுங்கி எறிந்தான். திரை இருண்டது. விசிறிச் சத்தம் மெல்ல... மெல்ல... அடங்கியது.

மச்சான் இயர்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ம்... ம்... வர்றேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.