கடைசிப் பழைய பிரவுசர்

மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்துக்கொள்வது நல்ல பழக்கம். பல் துலக்குவதைப் போன்றது. இதை யாரும் மறுக்க மாட்டார்கள், நீங்கள் உட்பட.

விளக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். குழுத் தலைவர் என்ற முறையில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘பொறு’. வைத்தவன் நான்தான். அதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மேலிடத்தில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். இணையப் பக்கங்களை எப்படி எழுத வேண்டும், பிரவுசர்கள் அவற்றை எப்படிக் காட்ட வேண்டும் என்று பலர் கூடிப் பேசி விதிகள் போடுகிறார்கள். அவற்றைத் தரம் என்கிறோம். போன வருடம் கட்டங்கள் வரைவதற்கென்றே ஒரு புதிய தரம் வந்தது. நமது குறுக்கெழுத்துத் தளத்தில் முந்நூறு வரியில் எழுதியிருந்ததை அதில் நான்கு வரியில் எழுதிவிடலாம். நான் அதை முதல் நாளே படித்தேன். அன்று சாப்பிட்டேனா என்று நினைவில்லை. பொதுவாகவே அந்த வருடம் நினைவில்லை.

ஐந்தே மாதத்தில் எல்லாப் பிரவுசர்களும் அதைச் சேர்த்துக்கொண்டன. சோதனை முறையில்தான் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பொடி எழுத்தை நான் படிப்பதில்லை.

புதிய தரம் பழைய பிரவுசருக்குப் புரியாது. அதற்காகப் பழைய முறையிலும் ஒரு தடவை எழுதிப் பக்கத்தில் வைத்திருப்போம். அலுவலகத்தில் அதற்கு ஊன்றுகோல் என்று பெயர். அதை எப்போது எடுக்கலாம் என்பதற்கு நீங்கள் ஒரு விதி போட்டீர்கள். முப்பது நாள் தொடர்ந்து பழைய பிரவுசரில் ஒருவர்கூட வந்திருக்கக் கூடாது.

தினமும் எண்ணினேன். நாலாயிரம் பேர் நானூறு ஆனார்கள். நானூறு பன்னிரண்டானது. பன்னிரண்டு ஒன்றானது. அந்த ஒன்று மட்டும் அசையவில்லை.

தினமும் மாலை நாலு பத்துக்கு வரும். நாற்பது நிமிடம் இருக்கும். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய ஒரே குறுக்கெழுத்தைத்தான் திறக்கும். ஒரு எழுத்துகூட நிரப்பாமல் போய்விடும்.

“நாலு மணி வந்தாச்சு,” என்பார் வடிவமைப்பாளர், காபிக் கோப்பையோடு. “இன்னைக்காவது ஒரு எழுத்து போடுமா?”

“அது ஆளே இல்லைங்க, பேய்,” என்பார் சோதனைப் பிரிவுக்காரர். “ஆளா இருந்தா இத்தனை நாள்ல தப்பாவாவது ஒண்ணு போட்டிருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று பிறகு சொன்னார்கள்.

பேய் இல்லை. வருகைப் பதிவில் அதன் ஜன்னலின் அகலம் இருந்தது. எழுநூற்று நாற்பத்து மூன்று திரைப்புள்ளிகள். அந்த அகலத்தில் எந்தத் திரையும் கடைக்கு வருவதில்லை. வலது ஓரம் அடிபட்டுக் கறுத்துப்போன ஒரு லேப்டாப்பில், ஜன்னலை இடது பக்கமாகச் சுருக்கி வைத்தால்தான் வரும். சுருக்கி வைத்தவன் நான். லேப்டாப் என் மனைவியுடையது. அவள் இறந்த பிறகு அவளுடைய அம்மா, என் அத்தை, கேட்டார், கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன்.

“வாங்க மாப்பிள்ளை. இளைச்சுட்டீங்க.”

“எடை கூடித்தான் இருக்கு, அத்தை.”

“அப்போ முகம் மட்டும் இளைச்சிருக்கு. உக்காருங்க. நாலு மணிக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு வந்துடறேன்.”

கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். அந்தக் குறுக்கெழுத்து. இருபத்தாறு கட்டங்களில் எழுத்து இருந்தது, பத்தொன்பதில் இல்லை. மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று காலை, வண்டி வரும்வரை என் மனைவி நிரப்பியது.

“இதை ஏன் முடிக்கல, அத்தை?”

“நான் எதுக்கு முடிக்கணும்? அவ பாதியில வெச்சுட்டுப் போனது. எனக்கு விடை தெரிஞ்சாலும் வாயத் திறக்க மாட்டேன்.”

திரையின் மேலே ஒரு பட்டை வந்தது. பிரவுசர் மிகப் பழையது, புதுப்பிக்கவா என்று கேட்டது. ‘இப்போது’ என்று ஒரு பட்டன், ‘பிறகு’ என்று ஒரு பட்டன். அத்தை பார்க்காமலே ‘பிறகு’ என்பதை அழுத்தினார்.

“தினமும் கேக்குதா?”

“ஒரு நாள் விடறதில்ல. உங்களுக்கு வர்ற கல்யாணத் தரகர் மாதிரிதான். அதுக்கும் வெக்கமில்ல, எனக்கும் சலிப்பில்ல.”

டீ போட எழுந்தார். எனக்கு இஞ்சி தட்டிப் போடச் சொன்னேன். இஞ்சி தட்டினால் கூடுதலாக மூன்று நிமிடம் ஆகும்.

அவ்வளவு பழைய பிரவுசரிலிருந்து ஒரே பாய்ச்சலில் புதியதற்குப் போனால், அதற்குள் சேமித்துவைத்த எழுத்துகள் அழிந்துவிடும். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. உதவிப் பக்கத்தில் அந்த எச்சரிக்கையைச் சிவப்பில் எழுதியவன் நான். இருபத்தாறு எழுத்தையும் பார்த்து எழுதிக்கொள்ள மேசையில் தாளும் பேனாவும் இருந்தன. பட்டையை மீண்டும் வரவழைத்து ‘இப்போது’ என்பதை அழுத்தினேன்.

நான்கு நிமிடத்தில் முடிந்தது. நல்ல வேகம்.

அத்தை டீயோடு வந்தார். கட்டங்கள் மிக நேர்த்தியாக, காலியாக இருந்தன.

“எழுத்தெல்லாம் எங்க, மாப்பிள்ளை?”

“புதுசா மாறிடுச்சு போல, அத்தை.”

தன் ஆள்காட்டி விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எந்திரிக்கிற அவசரத்துல மாத்தி அமுக்கிட்டேனா?”

“இருக்கும், அத்தை.”

“இத்தனை நாளும் சரியாத்தானே அமுக்கினேன்.”

“கை தவறுறது சகஜம்தான்,” என்றேன். வயதானவர்களுக்கு அந்த நேரத்தில் ஆறுதல் வேண்டும். டீ நன்றாக இருந்தது.

முப்பது நாள் பூஜ்யம் வந்தது. பேய் மலையேறிவிட்டதாகச் சோதனைப் பிரிவுக்காரர் அறிவித்தார். ஊன்றுகோலை எடுத்தேன். ‘புதிய தரத்தில் மட்டுமே இயங்கும் முதல் குறுக்கெழுத்துத் தளம்’ என்று நிரலாளர்கள் கூடும் ஒரு பக்கத்தில் எழுதினேன். பதினொரு பேர் பாராட்டினார்கள்.

அதற்கு ஏழாவது வாரம் பிரவுசர் கம்பெனிகள் அந்தத் தரத்தைக் கைவிட்டன. யாரும் பயன்படுத்தவில்லை என்று காரணம் சொன்னார்கள். உலகம் முழுக்கத் தேடியதில் ஒரே ஒரு தளம் அகப்பட்டதாம். அது நாம். செவ்வாய்க்கிழமை காலை நாற்பதாயிரம் பேர் வெள்ளைத் திரையைப் பார்த்தார்கள். அத்தையும் பார்த்துவிட்டு போன் செய்தார்.

“மாப்பிள்ளை, இதுவும் நான் அமுக்கினதாலயா?”

“இல்ல, அத்தை. இந்தத் தடவை உங்க மேல தப்பே இல்ல.”

“அப்பாடா,” என்றார்.

ஏன் அவசரப்பட்டாய் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அவசரப்படவில்லை. முப்பது நாள் விதியை எழுத்துக்கு எழுத்து மதித்தேன். விதி இருந்ததால்தான் அந்த ஒருவரை நீக்க வேண்டியிருந்தது. இதில் மறைக்க எதுவுமில்லை.

நீங்கள் எனக்கு எழுதிய மெயில் ஒன்றை இதோடு இணைத்திருக்கிறேன். “ஒரே ஒரு ஆளுக்காக இனி நிக்க வேண்டாம்ப்பா. விதிய நான் பாத்துக்கறேன், ஊன்றுகோல எடுத்துடு.” நான்கு வருடத்தில் நீங்கள் பொறுக்க வேண்டாம் என்று சொன்னது அந்த ஒருமுறைதான். நான் அத்தை வீட்டுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மாலை வந்தது. வந்த உடனே படித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, தரத்துக்காகத்தான் போனேன்.