ஐந்தாம் குடிலின் காற்றுத் துளைகள்

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தாறு. எலெக்ட்ரீஷியன். மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

மலைச்சரிவில் உள்ள எட்டு மரக் குடில்களில் ஆறு வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மின்கம்பி அவ்வளவு உயரம் வராததால், போன வருடம் முதலாளி கூரைகளில் சோலார் தகடும், பேட்டரியும், குறைந்த கரண்டில் அறையைச் சூடாக்கும் ஹீட்டரும் போட்டார். சூடு வெளியே போகாமலிருக்க ஜன்னல் சட்டங்களில் ரப்பர் பட்டை ஒட்டினோம். பொருத்த வந்த இன்ஜினியர், சுவரில் உள்ள காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது என்றும், உள்ளே நெருப்பு எரிக்கக் கூடாது, எரித்தால் விஷவாயு தேங்கும் என்றும் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு, ஐந்தாம் குடிலில் தங்கியவர்கள் துளை வழியாகக் குளிர் காற்று வருகிறது என்று குறை சொன்னதால், நான் அந்த இரண்டு துளைகளையும் ஃபோம் அடித்து அடைத்து மேலே பெயின்ட் பூசினேன். முதலாளி அடைக்கச் சொல்லவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை.

சென்ற வாரம் திங்கள் முதல் நான்கு நாள் மூடுபனி, வெயிலே இல்லை. வியாழன் காலை ஐந்தாம் குடில் பேட்டரி எட்டு சதவீதத்துக்கு இறங்கி, ஹீட்டர் தானாக நின்றது. அங்கே ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் தங்கியிருந்தார்கள். அந்த அம்மா போன் செய்து, சாருக்குக் கைவிரல் நீட்ட வரவில்லை என்றார். நான் முதலாளிக்குப் போன் செய்தேன். அவர், "ஸ்டோர்ல பழைய கேஸ் ஹீட்டர் கிடக்குல்ல, அதைக் கொண்டுபோய் வை. வெயில் வந்ததும் எடுத்துடலாம்" என்றார். இன்ஜினியர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "ரெண்டு மூணு மணி நேரத்துல என்னய்யா ஆயிடப்போகுது" என்றார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அதைக் கொண்டுபோய்ப் பற்றவைத்து, ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்து, மூட வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. வாத்தியார் கைகளை ஹீட்டர் பக்கம் நீட்டியபடி, "இப்பத்தான் உசுரு வந்துச்சு தம்பி" என்றார். அதன் பிறகு ஏழாம் குடிலில் குழாய் வேலைக்குப் போய்விட்டு, இரண்டரை மணிக்கு அந்த வழியாக வந்தபோது ஜன்னல் மூடியிருந்தது. திரையும் இழுத்துவிட்டிருந்ததால், தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம் என்று கடந்து போனேன்.

அதன் பிறகு மூன்றே முக்காலுக்குப் போய்க் கதவைத் தட்டி, பதில் இல்லாததால் மாற்றுச் சாவியால் திறந்தேன். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. வாத்தியார் நாற்காலியில் இருந்தார், மடியில் பாதி போட்ட குறுக்கெழுத்துப் புதிர். அந்த அம்மா கதவுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் கிடந்தார். இருவரையும் வெளியே இழுத்து வந்தேன். அம்மாவுக்கு மூச்சு இருந்தது. சாருக்கு இல்லை.

ஞாயிறு பகல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மூடாதீங்கன்னுதான் சொன்னீங்க. அவருக்குக் குளிருதேன்னு நாந்தான் சாத்துனேன். என் கையாலயே அவரை அனுப்பிட்டேன்" என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு முதலாளியிடம் துளை விஷயத்தைச் சொன்னதற்கு, "அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்க. நீ எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கிறே? உனக்கும் ஒரு பொண்ணு இருக்கா" என்றார். இரண்டு நாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். நேற்று மாலை என் மகள் படிக்க உட்கார்ந்து ஜன்னலைச் சாத்தினாள். அவளை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

துளைகள் திறந்திருந்தால், ஜன்னல் மூடியிருந்தாலும் காற்று வந்திருக்கும். அவற்றை அடைத்தது நான். அது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே உள்ளது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை, அத்தனையும் உண்மை. இதை ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்த அம்மாவுக்கு இன்றைக்கே படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(கையொப்பம்)