கூடுதலாக ஒரு கோடு

அன்று என் வீட்டு மேசையில் நால்வர் இருந்தோம்: ஹேமிங் ஆகிய நான், என் தம்பி சூனே, அவன் மனைவி பூதில், அரசரின் அதிகாரி எஸ்பியோர்ன். பட்டாணிக் கஞ்சி நன்றாக வந்திருந்தது. அதிகாரி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

அரசருக்கு எதிராக எங்கள் ஸ்மோலாந்துப் பகுதியில் எழுந்த கலகம் அடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆள் திரட்டக் கலகக்காரர்கள் வீடு வீடாக அனுப்பிய அழைப்புக் கோல் அதிகாரியிடம் சிக்கியிருந்தது. கோலை வாங்கி அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறவன் அதில் தன் வீட்டுக் குறியைச் செதுக்குவது எங்கள் வழக்கம். இப்போது குறிக்கு உரியவனுக்குத் தூக்கு. எங்கள் குறிகள் அவருக்குத் தெரியாது. ஊர் மன்றத்தில் மூத்தவன் நான் என்பதால், பார்த்துச் சொல்லும்படி கோலை என்னிடம் கொடுத்துவிட்டுக் குதிரையைக் கவனிக்க வெளியே போனார்.

எங்கள் குறி காக்கையின் கால் போல மூன்று கோடுகள். தனிக்குடித்தனம் போன இளையவன் ஒரு கோடு கூட்டிக்கொள்வான். கோலில் இருந்தவை மூன்று. செதுக்கியவன் நான். கோல் வந்த அன்று, "அடுப்புல போட்டுடுண்ணே" என்றுதான் சூனே சொன்னான். அனுப்பாத வீட்டைக் கொளுத்துவார்கள். அனுப்பினேன்.

எட்டுத் தலைமுறையாக அந்தக் குறி தேவாலயத்தின் முதல் பெஞ்சில் இருக்கிறது. அதைத் தூக்குமரத்தில் ஏற்ற முடியாது. கத்தியை எடுத்து நான்காவது கோட்டைக் கீறினேன்.

சூனே பார்த்துக்கொண்டிருந்தான். என் சொல்லுக்கு எதிராகத் தன் சொல் நிற்காது என்று அவனுக்குத் தெரியும்.

"வெட்டு வெள்ளையா தெரியுது. கொஞ்சம் கரி தடவிக்கண்ணே," என்றான். பிறகு, "பூதிலையும் புள்ளைங்களையும் பாத்துக்க."

கரி தடவினேன்.

"சாப்பிடுங்க மாமா, கஞ்சி ஆறுது," என்றாள் பூதில் என்னிடம்.

வியாழக்கிழமை சூனேயைத் தூக்கிலிட்டார்கள். தூக்கிலிடப்பட்டவர்களின் குடும்பங்களைப் பின்லாந்துக்குக் கப்பலேற்றினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பூதிலையும் பிள்ளைகளையும் விட்டிருப்பார்கள். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத குடும்பம் எங்களுடையது.

முதல் பெஞ்சில் ஆறு பேர் உட்காரலாம். நான் மட்டும் உட்காருகிறேன். இடமில்லாதவர்கள் பின்னால் நிற்கிறார்கள், முன்னால் வருவதில்லை.

தம்பியின் வயலுக்கு ஆசைப்பட்டு அதைச் செய்தேன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. வயலை நான் கேட்கவில்லை. விசுவாசத்துக்காக அரசரே கொடுத்தார்.