இது என் கனவா இருந்தா

— முதல் நாள் நாம பேசினது ஞாபகம் இருக்கா, ஒன்னி? "உனக்கு என்ன கனவு வரும்?"னு கேட்டேன். "வராது"ன்னே.

— "அப்புறம் எதுக்குக் கனவுப் பாடம் எடுத்தே?"ன்னு கேட்டே.

— "வியாழக்கிழமை வேற வகுப்பு இல்ல"ன்னே. இவன்கூட ஜோடியா அஞ்சு மாசத்தை எப்படி ஓட்டறதுன்னு நினைச்சேன்.

— சூப்பைக் குடி, ஈரிஸ். ஆறுது.

— பட்டாணி சூப் எங்கயும் ஓடிப் போயிடாது. வியாழக்கிழமைன்னா துர்க்கு ஊரு பூரா இதேதான். கனவைப் படிச்சு என்ன கிடைச்சுதுன்னு புரொஃபசர் இன்னைக்குக் கேட்பாங்க. நாம சேர்ந்து ஒரே பதில் சொல்லணும்.

— தூக்கம் கிடைச்சுது.

— அதைத்தான் வகுப்புலயே பார்த்தேனே.

— எங்கப்பாவும் கேட்டார். "இதைப் படிச்சா எவன் வேலை குடுப்பான்?"னு. மெத்தைக் கம்பெனின்னேன்.

— சிரிச்சாரா?

— எங்கப்பாவா? யோசிச்சுட்டு, "சம்பளம் பரவாயில்லையா?"ன்னார்.

— சரி, உன் கனவுகளையே எடுத்துக்குவோம். வராதுன்னவன் ரெண்டாவது வாரத்துல இருந்து தவறாம ஒண்ணு கொண்டு வந்தே. எப்பவும் அதே ஏரி, அதே மர வீடு, அதே படகு.

— ம்.

— கரையில சிவப்பு பூட்ஸ் போட்ட ஒரு பொண்ணு.

— ம்.

— என்கிட்ட சிவப்பு பூட்ஸ் இருக்கு.

— நிறைய பேருகிட்ட இருக்கு.

— அவ கையில கொசு மருந்து வேற. டேய், கனவுல பல்லு விழும், செத்துப்போன நாய் பேசும். கொசு மருந்தை எவ எடுத்துட்டு வருவா? உன் கனவுல படகு ஏர்றவங்க எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்காங்க!

— ஏரி ஆழம்.

— அத்தனையும் நீ கட்டி விட்டதுதானே?

— கொசு நிஜமாவே ஜாஸ்தி.

— ஏன்டா அப்படி?

— ஒருத்தர் கனவு சொன்னா, கேட்கறவங்க "இது என் கனவா இருந்தா"ன்னுதான் ஆரம்பிக்கணும்னு வகுப்புல விதி இருக்குல்ல? "இது என் கனவா இருந்தா, அந்தப் படகுல ஏறியிருப்பேன்"னு ஒவ்வொரு வாரமும் சொன்னே. அதைக் கேட்கத்தான்.

— அதை நான் விதிக்காக மட்டும் சொல்லல.

— நாளைக்கு நீ வாசா ஊருக்கு ரயில் ஏறிட்டா, கோடை முழுக்க உங்க அத்தையோட ஐஸ்கிரீம் கடையில வேலைதான்.

— ஏரிக்கரையில கொண்டாடற நடுக்கோடை விழாவுக்கு வான்னு யாரும் கூப்பிடலையே. கூப்பிட்டா லீவு கேட்டிருப்பேன்.

— இது என் கனவா இருந்தா, அந்தப் பொண்ணு லீவு கேட்பா.

— இது கனவு இல்ல, கேன்டீன். உன் விதி இங்க செல்லாது. நேரா சொல்லு.

— சூப்பு...

— ஆறியே போச்சு. சொல்லு.

— நடுக்கோடைக்கு எங்க ஏரி வீட்டுக்கு வா, ஈரிஸ். எங்கம்மா மார்ச் மாசமே துண்டுல உன் பேரைத் தச்சு, நீராவிக் குளியல் போடற சவுனா அறையில மாட்டிட்டாங்க.