விஜயதசமி முதல் அடி

ஓசூரில் தகட்டை அச்சில் அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் சொல்லித்தர நல்ல ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. கொஞ்சம் கூடுதல் சம்பளம் என்றால் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். கிடைத்த ஆளை விட்டுவிடக் கூடாது. நான் வெங்கடப்பனை இன்றுவரை விடவில்லை.

பாகலூர் சாலையில் இருக்கிறது என் தொழிற்பயிற்சிப் பள்ளி. மத்தூர்ப் பக்கம் குவாரியில் கல் உடைத்தவரின் மகன் நான். ‘முதல்வர் ராஜசேகர்’ என்று வாசலில் போர்டு மாட்டிய அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரே ஆசைதான் மிச்சம் இருந்தது. மாவட்டப் பயிற்சிப் பள்ளிகள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பரம்பரையாகத் தோட்டம் துரவு உள்ளவர்கள். என்னைப் பார்த்தால் “வாங்க தம்பி” என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள். நாற்காலியை மட்டும் காட்ட மாட்டார்கள். அந்த வருடம்தான் முதல்முறையாக என் பேரும் அடிபட்டது.

பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் அச்சு, அதாவது டை, இறங்கும். அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும் கம்பெனியில் பட்டனைக் கழற்றிவிட்டுக் கால் பெடல் வைத்திருந்தார்கள். பள்ளியிலும் நான் அப்படியே வைத்தேன். கம்பெனி கேட்கிறபடி பிள்ளைகளைத் தயார் செய்வதுதானே எங்கள் வேலை.

வெங்கடப்பனுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு என் அறையில் வந்து நின்றார்.

“சார், கம்பெனிக்குப் போன நம்ம பையன் ஆனந்துக்கு ரெண்டு வெரலு போயிடுச்சு. நாமதான் அவனுக்குப் பெடல் பழக்கி உட்டோம். பட்டனை மாட்டிடுங்க சார். இல்லன்னா சங்கத்துக் கூட்டத்துல நானே எந்திரிச்சி சொல்லிடறேன்.”

மிரட்டவில்லை. அவருக்கு மிரட்டத் தெரியாது. அதனால்தான் சொன்னதைச் செய்துவிடுவார் என்று எனக்குப் புரிந்தது. கூட்டம் விஜயதசமிக்கு அடுத்த வாரம். புதிய உறுப்பினர்களை அன்றுதான் தேர்ந்தெடுப்பார்கள். பூஜை முடியட்டும், பார்க்கலாம் என்றேன்.

ஆயுத பூஜைக்கு நிறுத்திய மெஷினை எங்கள் பள்ளியில் விஜயதசமி அன்று ஓட்டுவோம். டையின் நடுவில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால்தான் அந்த வருடத்து வேலை தொடங்கியதாகக் கணக்கு. பழத்தை வாத்தியார் வெங்கடப்பன் வைப்பார். முதல் அடி முதல்வருடையது. எல்லோர் வீட்டிலிருந்தும் வருவார்கள். வெங்கடப்பனின் மனைவி ஜோதியம்மாள் சுண்டல் கிண்ணத்தோடு மெஷின் பக்கத்திலேயே நின்றிருந்தார். கற்பூரப் புகை, பம்பைச் சத்தம். பழம் உருண்டது, வாத்தியார் கையை விட்டு அதை நிறுத்தப் பார்த்தார், அதைக் கவனிக்காமல் முதல்வர் பெடலை மிதித்துவிட்டார். எல்லோரும் இப்படித்தான் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வலது கை இல்லாமல் கண் விழித்ததும் அவர் என்னிடம்தான் மன்னிப்புக் கேட்டார். “டைக்குள்ள கைய உட்டவன் மேலதான் தப்புன்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தவன் நான். நானே மறந்துட்டேன் சார். உங்க மொத அடியக் கெடுத்துட்டேன்.” பிரஸ் வேலையில் அதுதான் முதல் பாடம். அவர் அதை நம்பினார்.

கூட்டத்துக்கு அவர் வரவில்லை. நாற்காலி எனக்குக் கிடைத்தது. சொந்தப் பள்ளியில் விபத்தைப் பார்த்தவருக்குத்தான் அருமை தெரியும் என்று பாதுகாப்புப் பொறுப்பையும் என்னிடமே கொடுத்தார்கள். இன்று மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கிறது. வெங்கடப்பன் எழுந்து பேசியிருந்தால் இது நடந்திருக்குமா? டீ குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள்.

ஆனாலும் குழுவில் ஓட்டெடுப்பு வந்தால் கைகளை எண்ணுவது என் வேலை. ஆதரிப்பவர்கள் கை தூக்குவார்கள். நடுவில் இன்னொரு கையும் எழும். மணிக்கட்டில் பூஜைக் கயிறு, விரல்களில் குங்குமம். அதையும் சேர்த்து எண்ணிவிடுவேன். செயலாளர் திருத்துவார். “ஒண்ணு கூட வருதே சார்” என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

வெங்கடப்பனுக்குப் பள்ளி வாசலிலேயே வேலை போட்டுக் கொடுத்திருக்கிறேன். தினமும் என் கார் நுழையும்போது இடது கையால் சல்யூட் வைப்பார். “லெப்ட்டுல வெக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க சார்” என்பார். ஒருநாள் தவறாமல் சொல்வார்.

போன மாதம் ஜோதியம்மாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். சோற்றைப் பிசைந்து கொடுத்துவிட்டு நேராக என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“பழம் உருளல சார். இன்னும் உள்ள தள்ளி வெய்யின்னு நீங்கதான் சொன்னீங்க. அவரு கை உள்ள இருக்கறதப் பாத்துக்கினுதான் மிதிச்சீங்க.”

“ஆமாம்மா” என்றேன்.

சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. கையைத்தான் நினைத்தேன், உயிரை இல்லை என்றும் சொன்னேன். கூட்டம் முடியும்வரை அவர் படுக்கையில் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா அழவில்லை.

“அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். அவரு உங்கள சாமியாட்டம் நெனச்சிக்கினு இருக்காரு. கையும் போச்சு. இதையும் எதுக்கு அவருகிட்டயிருந்து புடுங்கணும்?”

ஜன்னல் வழியே பார்த்தேன். வாசலில் வெங்கடப்பன் இன்னொரு டிபன் பாக்ஸின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா போய் அதைத் திறந்து கொடுத்தார், என் அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அம்மா என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.